சாவடிக் கணக்கும் சர்க்கார் கணக்கும்

(ஊழியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



சர்வாதிகாரி தேர்தலே நடத்தமாட்டான் என்று எண்ணுவோர் உண்டு. அது பழங்கதை. இக்காலத்துச் சர்வாதிகாரி தேதி குறிக்கிறான், சாவடி அமைக்கிறான், மக்களை வரிசையில் நிற்க வைக்கிறான். எல்லாம் முறைப்படியே நடக்கிறது, எண்ணுகிற வேளை வரும்வரை! எண்ணுகிற வேலையை மட்டும் தன் ஆட்களிடம் கொடுத்துவிடுகிறான்.

அந்த இடத்தில் அவனை மடக்குவதற்கு ஒரு முறை உண்டு. சாவடிதோறும் எண்ணி முடித்துக் கையொப்பமிடும் தாளின் விவரத்தை, சர்க்கார் அறிவிக்குமுன் நாமே திரட்டிக் கூட்டிப் பார்ப்பதுதான் அம்முறை. கேட்க எளிது; செய்ய அரிது. அதைக் கற்றறிந்தவர்கள் அண்டை நாட்டாருக்கு எவ்விதம் கற்றுக்கொடுத்தனர் என்பதையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

தேர்தல் அறிந்தோர் எல்லை தாண்டிச் செல்வது புதுமையன்று. 1953ல் சூடான் நாட்டின் தேர்தலை நடத்திக் கொடுத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நமது முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். 1986ல் பிலிப்பைன்சில் மார்க்கோஸ் நடத்திய தேர்தலில், குடிமக்கள் அமைப்பொன்று தனிக்கணக்கு எடுத்தது. தேர்தல் ஆணையத்தின் கணிப்பொறி ஊழியர் 30 பேருக்கு மேல், தாம் பதிந்த எண் வேறு, பலகையில் ஒளிரும் எண் வேறு எனக் கண்டு, எழுந்து வெளியேறினர். மார்க்கோஸ் அம்மாதமே நாட்டைவிட்டு ஓடினார்.

இனி, கிழக்கு ஐரோப்பாவுக்கு வருவோம். 1997 டிசம்பரில், ஸ்லோவாக்கியக் குடிமக்கள் அமைப்பினர் சிலர் வியன்னா விமான நிலையத்தில் கூடினர். உடன் அமர்ந்தவர்கள் பல்கேரியரும் ருமேனியரும். வாக்குச்சீட்டால் ஆட்சியை மாற்றி அப்போதுதான் வந்தவர்கள் அவர்கள். மறு ஆண்டு செப்டம்பரில் ஸ்லோவாக்கியாவில் 84 விழுக்காட்டினர் வாக்களித்தனர். மெச்சியாரின் ஆட்சி போயிற்று. ஸ்லோவாக்கியர் தம் அனுபவத்தைக் குரோவேஷியாவுக்குக் கொண்டு சென்றனர். அங்கே 2000 ஜனவரி 3ல் ஆளுங்கட்சி தோற்றது. அடுத்தது செர்பியா.

இங்கே சற்று நிற்க வேண்டும். மிலோசெவிச் எளிய ஆளல்லர். 1996ல் உள்ளாட்சித் தேர்தலின் முடிவுகளை மறுத்துப் பார்த்தவர். மூன்று மாதம் மக்கள் தெருவில் நின்றபிறகே இறங்கி வந்தார். அந்தப் பாடத்திலிருந்து எதிர்க்கட்சியினர் கற்றது ஒன்று: கூச்சல் போதாது, கணக்கு வேண்டும். 2000 செப்டம்பர் 24ல் சாவடி முகவர்கள் கையொப்பமிட்ட தாளின் படியுடன் வெளியே வந்தனர். அன்றிரவே கூட்டிப் பார்த்தாயிற்று. கோஸ்துனிட்சா பாதிக்குமேல் பெற்றுவிட்டார். சர்க்கார் கணக்கோ, 49 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு, ஆகவே மறுதேர்தல் என்றது! மறுதேர்தலுக்கு வரமாட்டோம் என்றனர் எதிர்க்கட்சியினர். கொலுபாராவின் சுரங்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அக்டோபர் 5ல் பெல்கிரேடு நிரம்பி வழிந்தது. மிலோசெவிச் வீழ்ந்தார்.

முகவராக அமரும் தோழர்களுக்கு இவ்விடத்தில் ஒரு சொல். நம் நாட்டிலும், வாக்குப்பதிவு முடிந்ததும் 17-சி படிவத்தின் படியைச் சாவடித் தலைமை அலுவலர் முகவருக்குத் தரவேண்டும் என்பது விதி. பசிக்கிறது, நேரமாயிற்று என்று அதை வாங்காமல் எழுந்து வருவோர் நம்மில் எத்தனை பேர்?

செர்பிய இளைஞர்கள் 2003ல் ஜார்ஜியா சென்றனர். நவம்பர் 2ல் தேர்தல். சர்க்கார் கணக்கில் ஆளும் அணிக்கு 21 விழுக்காடு, முதலிடம். தேசிய இயக்கத்துக்கு 18. குடிமக்கள் அமைப்பு எடுத்த கணக்கிலோ தேசிய இயக்கமே முதல், 26 விழுக்காட்டுக்கு மேல். 23ந்தேதி ஷெவர்நாட்சே பதவி விலகினார்.

“இதற்கெல்லாம் பின்னே அமெரிக்கப் பணம் இல்லையா?” என்று கேட்பீர்கள். இருந்தது. மறைப்பானேன்? பயிற்சிக்கும் பயணத்துக்கும் அங்கிருந்தும் மேற்கு ஐரோப்பாவிலிருந்தும் பணம் வந்தது. எவர் பணம், எதற்காக என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு, நாமும் கேட்போம். ஆனால் பணமே ஆட்சியைக் கவிழ்க்குமானால் பெலாரசில் ஏன் கவிழவில்லை? அங்கும் செர்பியரைப் பார்த்து அமைத்த இளைஞர் இயக்கம் இருந்தது, பயிற்சியும் இருந்தது. லுகஷென்கோ 2001லும் அசையவில்லை, 2006லும் அசையவில்லை. செர்பியாவிலோ, 1999ல் 78 நாட்கள் நேட்டோவின் குண்டுகளுக்குக் கீழே கிடந்த மக்கள்தாம் மறு ஆண்டு மிலோசெவிச்சை வீழ்த்தினர். அவர்களை அந்நியனின் கைக்கருவி என்பது அவர்கள் பட்ட பாட்டை அறியாதார் பேச்சு.

இன்னொன்றும் கேளுங்கள், கட்சிக்காரர்களாகிய நமக்குச் சற்றுக் கசக்கும். ஜார்ஜியாவில் வென்ற சாகஷ்விலி, 2004 ஜனவரியில் 96 விழுக்காடு வாக்குடன் தலைவரானார்; 2007ல் எதிர்ப்பாளர்மீது போலீசை ஏவினார். 2012 தேர்தலில் அதே குடிமக்கள் அமைப்பு மீண்டும் கணக்கெடுத்தது. அம்முறை தோற்றவர் சாகஷ்விலியின் கட்சி! தோல்வியை அவர் ஒப்புக்கொண்டார். கணக்கெடுத்தவர்கள் 2003லும் அவருடைய ஆட்களல்லர்.

அண்டை வீட்டைப் பார்த்துக் கற்பவர் மக்கள் மட்டுமல்லர், ஆள்வோரும் கற்கின்றனர். 2012ல் ருஷ்யா, வெளிநாட்டுப் பணம் பெறும் அமைப்புகளை “அந்நிய முகவர்” என முத்திரை குத்தும் சட்டம் செய்தது. 2013ல் அச்சட்டத்தின் கீழ் அபராதம் கண்டது “கோலஸ்” என்னும் தேர்தல் கண்காணிப்பு அமைப்பு. 2024ல் கிர்கிஸ்தான் அதைப் பின்பற்றியது. அதே ஆண்டு மே மாதம் ஜார்ஜிய நாடாளுமன்றம், குடியரசுத் தலைவரின் மறுப்பையும் மீறி, வருவாயில் 20 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து பெறும் அமைப்புகளைப் பதிவு செய்யப் பணிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. கோலசின் தலைவர்களில் ஒருவருக்கு 2025 மே மாதம் ஐந்தாண்டுச் சிறை. ஜூலையில் கோலஸ் கதவடைத்தது.