ஒரு பானைக்கு ஒரு சோறு

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

மென்பொருளைச் சோதிக்கும் முறை பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எனக்குப் பணித்துள்ளார்கள். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேயில் எழுத்தராக இருப்பவன் நான். கணிப்பொறி கற்ற பிள்ளைகள் வீட்டுக்கு ஒருவர் இருக்கும் இக்காலனியில் நான் இதைப் பேசத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. சென்ற பொங்கல் விருந்தன்று பந்தி வாயிலில் நின்று சீட்டுகளைச் சரிபார்த்தவன் நானே.

விருந்துச் சீட்டுக்கென்று நம் இளைஞர்கள் ஒரு சிறு நிரல் எழுதினார்கள். 5 வயது வரை இலவசம், அதன் மேல் 12 வயது வரை அரைக் கட்டணம், அதற்கும் மேல் முழுக் கட்டணம் என்பது சங்கத்தின் விதி. மூன்று இரவுகள் கண்விழித்து, 300 பெயர்களை இட்டுச் சோதித்தார்கள். ஒரு பிழையும் தென்படவில்லை. விருந்தன்றோ, 5 வயதுக் குழந்தையோடு வந்த ஒரு தாயை அந்நிரல் நிறுத்திவிட்டது. குழந்தைக்குக் கட்டணம் செலுத்தப்படவில்லை என்று திரையில் வந்ததை நானும் உரக்கப் படித்துவிட்டேன். வரிசை முழுவதும் பார்த்திருக்க, அந்த அம்மையார் முகம் வாடிப் பணப்பையைத் திறந்த காட்சி இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

பிழை எங்கே நேர்ந்தது? விதியில் இருந்த சொல் "5 வரை". நிரலில் எழுதப்பட்டதோ "5க்குக் கீழ்". ஒரு சொல்லின் வேறுபாடுதான். 300 முறை சோதித்தும் அது ஏன் அகப்படவில்லை? அந்த 300 பெயர்களும் உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவை. அனைவரும் பெரியவர்கள். 5 வயதுப் பிள்ளை அதில் ஒன்றுகூட இல்லை.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் பாட்டிமார் அறிந்த சோதனை முறை. ஒரு பானையில் ஒன்றாக வெந்த சோற்றில் 300 பருக்கைகளை நசுக்கிப் பார்ப்பவள் சமையல் அறிந்தவள் அல்லள். அடுப்பில் மூன்று பானைகள் இருக்கும்போது ஒன்றை மட்டும் பார்ப்பவளும் அல்லள். நம் இளைஞர்கள் ஒரே பானையில் 300 பருக்கைகளைப் பார்த்தார்கள். மற்ற இரு பானைகளைத் திறக்கவேயில்லை. உழைப்புக் குறைவன்று, தெரிவுதான் குறைவு.

இம்முறையை 1979ஆம் ஆண்டிலேயே கிளென்ஃபோர்டு மையர்ஸ் என்னும் அமெரிக்கர் மென்பொருட் சோதனை பற்றிய தம் நூலில் ஒழுங்குபட விளக்கியுள்ளார். நிரல் ஒரே விதமாக நடத்தக்கூடிய மதிப்புகளையெல்லாம் ஒரு வகுப்பாகத் தொகுத்து, வகுப்புக்கு ஒன்றைச் சோதிப்பது முதற்படி. வகுப்பும் வகுப்பும் சந்திக்கும் எல்லையின் இருபுறத்தையும் சோதிப்பது அடுத்த படி. பிழைகள் பெரும்பாலும் எல்லைகளில்தான் குடியிருக்கின்றன.

என் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். முன்பதிவு செய்யும் படுக்கை வகுப்பில் 5 வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாவெனில் கட்டணம் இல்லை. 5 நிறைந்து 12 நிறையாத பிள்ளைக்குப் படுக்கை வேண்டாவெனில் அரைக் கட்டணம். இவர்களுள் எவர்க்கேனும் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். 12 நிறைந்தவர்க்கு முழுக் கட்டணமே. அரைக் கட்டணத்தில் பிள்ளைக்குப் படுக்கை தரும் வழக்கம் 2016 ஏப்ரலில் நின்றது.

இதற்கான நிரலைக் கண்மூடிச் சோதிப்பதாயின், 0 முதல் 120 வரை 121 வயதுகள். படுக்கை வேண்டும், வேண்டா என இரண்டு நிலைகள். ஆக 242 சோதனைகள். முறையறிந்தவன் எல்லை வயதுகளான 4, 5, 11, 12 ஆகிய நான்கை மட்டும் இரு நிலைகளிலும் பார்ப்பான். அவை எட்டு. கடைக்கோடிகளான 0, 120. அவற்றுக்கு அப்பாலுள்ள கழித்தல் 1, 121. வயதை எழுதாத வெற்றிடம். எண்ணுக்குப் பதில் எழுத்து. இவை ஆறு. மொத்தம் பதினான்கே! இன்னொன்றும் காண்க. நிலைகளைக் கட்டம் போட்டு எழுதும்போதுதான், "12 வயது, படுக்கை வேண்டா" என்னும் கட்டம் கண்ணில் படுகிறது. விதியில் அதற்கு இடமில்லை. ஆகவே நிரல் அதை ஏற்க மறுக்க வேண்டும். கட்டம் போடாதவனுக்கு இக்கேள்வி தோன்றவே தோன்றாது.

நிலைகள் பலவானால் என் செய்வது? கைப்பேசி மூன்று வகை, மொழி மூன்று, பணம் செலுத்தும் வழி மூன்று, வகுப்பு மூன்று என்றால் 81 சேர்க்கைகள் உண்டாகும். எந்த இரண்டை எடுத்தாலும் அவ்விரண்டின் எல்லா இணைகளும் வந்துவிடுமாறு ஒன்பதே வரிசைகளில் இவற்றை அடுக்க முடியும். இவ்வகை அடுக்குக்கு "ஆர்த்தோகனல் அரே" என்று பெயர். இதற்கு 1940களில் கணித அடிப்படை அமைத்தவர், கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றிய சி. ஆர். ராவ் என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். 2023ஆம் ஆண்டு, தம் 102ஆம் வயதில் அவர் மறைந்தார். இரண்டின் சேர்க்கையால் விளையும் பிழைகளை இவ்வடுக்கு பிடிக்கும். மூன்று சேர்ந்தால் மட்டும் விளையும் பிழை தப்பிவிடக்கூடும். அதனையும் மறத்தல் ஆகாது.

எல்லையைப் பாராததன் விலை சில வேளை மிகப் பெரிது. 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், ஐரோப்பாவின் ஏரியன் 5 என்னும் ஏவூர்தி தன் முதற் பயணத்தில் புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் வானில் சிதறியது. பழைய ஏரியன் 4இன் நிரற்பகுதி ஒன்றைப் புதியதிலும் வைத்திருந்தார்கள். 32,767க்கு மேற்பட்ட எண்ணைக் கொள்ள இயலாத இடத்தில், அதனினும் பெரிய எண் வந்து புகுந்தது. பழைய ஏவூர்தியில் அவ்வெண் எல்லையைத் தாண்டியதில்லை. புதியதன் பாதையை இட்டு அப்பகுதியை முன்னரே சோதித்திருந்தால், தரையிலேயே பிழை புலப்பட்டிருக்கும்.

எத்துணைச் சோதித்தாலும் பிழை உண்டென்று காட்டலாமேயன்றி, பிழையே இல்லையென்று நாட்ட இயலாது. ஆதலின் எத்தனை முறை சோதித்தோம் என்று எண்ணிப் பெருமை கொள்ளாமல், எவற்றைச் சோதித்தோம் என்று கேட்கப் பழகுவோம். இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: நிரல் எழுதுமுன் விதியை எழுதியவரிடம் சென்று, "வரை என்றால் அதுவும் சேர்த்தா?" என்று கேளுங்கள். அக்கேள்விக்குச் செலவு ஒன்றுமில்லை.

இவ்வாண்டு விருந்துச் சீட்டின் நிரலை நம் இளைஞர்கள் 4, 5, 6, 12, 13 ஆகிய வயதுகளை இட்டு என் கண்முன்னே சோதித்துக் காட்டினார்கள். சென்ற ஆண்டு வாயிலில் நின்று வருந்திய அம்மையாரும் இன்று இவ்வவையில் அமர்ந்திருக்கிறார்கள். நிரலின் பிழையை விடப் பெரிது, குழந்தையின் முகத்தைப் பாராமல் திரையை மட்டும் பார்த்துப் படித்த என் பிழை. அதற்காக அவர்களிடம் இச்சபை அறிய மன்னிப்புக் கோருகிறேன்.