குற்றமும் குற்றவாளி என்னும் பெயரும்
(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரை)

 

குற்றம் எங்கே பிறக்கிறது என்னும் வினாவுக்குச் சமயங்கள் மனத்தினுள் விடை தேடின. சமூகவியலோ மனிதர் கூடிவாழும் முறையில் விடை தேடுகிறது. அவ்வியலார் கூறும் கருத்துகள் சிலவற்றையும், நம் மண்ணில் நிகழ்ந்த ஒரு கொடுமையையும் இணைத்து எண்ணிப் பார்ப்போம்.

பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கைம், 1895இல் வெளியிட்ட நூலில், குற்றம் அறவே இல்லாத சமுதாயம் எங்கும் இல்லை என்றார். தூயோர் மட்டுமே வாழும் ஒரு மடத்தை நினைத்துப் பாருங்கள் என்றும் சொன்னார். அங்கே கொலையும் களவும் இரா. ஆயினும், வெளியுலகம் பொருட்படுத்தாத சிறு பிழை அங்கே பெருங்குற்றமாகத் தோன்றும். ஆகவே எது குற்றம் என்பதை முடிவு செய்வதில், செயலோடு அதனைக் காணும் சமுதாயத்தின் கண்ணுக்கும் பங்குண்டு.

அமெரிக்க அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் 1938இல் வேறொரு காரணத்தைச் சுட்டினார். செல்வமே வெற்றி என்று எல்லார்க்கும் கற்பித்துவிட்டு, அதனை அடையும் நேர்வழியைச் சிலருக்கு மட்டுமே திறந்து வைத்தால், மற்றவருள் சிலர் குறுக்குவழி தேடுவர் என்பது அவர் கருத்து. ஹோவர்ட் பெக்கர் 1963இல் இன்னும் ஒருபடி மேலே சென்றார். ஒருவன்மேல் சமுதாயம் ஒட்டும் முத்திரையே அவனைப் பிறழ்ந்தவனாக்குகிறது என்றார்.

இம்முத்திரையின் வலிமையை நாம் முன்பே அறிவோம். சிலப்பதிகாரத்தில் கோவலன் எதனையும் திருடவில்லை. திருடிய பொற்கொல்லன் அவனைச் சுட்டிக் கள்வன் என்றான். மன்னன் ஆராயாது நம்பினான். ஒரு சொல் ஓர் உயிரைக் கொண்டது.

அங்கே முத்திரை ஒருவன்மேல் விழுந்தது. ஆங்கில ஆட்சி அதனைக் குலம் குலமாகக் குத்தியது. 1871இல் இயற்றப்பெற்ற குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தி அமைக்கப்பெற்றபின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. பிரமலைக் கள்ளர், குறவர் முதலிய பல சமூகத்தார் பதிவேட்டில் ஏற்றப்பட்டனர். கைரேகை பதிக்கப்பட்டது. வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வேண்டும். பலர் இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்க வேண்டும். செய்த குற்றத்தைக் கேட்டு எழுதியது அன்று அப்பதிவு; பிறந்த குலத்தைக் கேட்டு எழுதியது. இக்கள்ளர் மக்களுள் பலர் அதற்கு முன் மதுரைப் பகுதியில் காவல் கூலி பெற்று ஊர்காத்தவர்கள் என்பதை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது. புதிய போலீசு வந்தபின் பழைய காவலர் கள்வராயினர்!

1920 ஏப்ரல் 3ஆம் நாள், உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் இப்பதிவை எதிர்த்த மக்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்னும் பெண் உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் நீங்கியது. சட்டம் நீங்கியது, ஐயம் நீங்கிற்றா? எங்கேனும் களவு போனால், இன்னார் தெருவில் விசாரியுங்கள் என்று சொல்லும் நாக்கு இன்றும் இருக்கிறது.

அப்படியாயின் குற்றத்தைக் கண்டிக்கவே கூடாதா? கண்டிக்கத்தான் வேண்டும், பொருளையும் உயிரையும் இழந்தவர் கண்ணீருக்கு நீதி வேண்டும். கண்டிக்கும் முறையே கேள்வி. டிராவிஸ் ஹிர்ஷி 1969இல், மனிதனைக் குற்றத்திலிருந்து தடுப்பவை அவனுடைய சமூகப் பிணைப்புகளே என்றார்: பெற்றோர், ஆசிரியர் பாசம், இழக்க மனமில்லாத எதிர்காலம், நல்ல பணிகளில் ஈடுபாடு, நெறிகளில் நம்பிக்கை. ஆஸ்திரேலியரான ஜான் பிரைத்வைட் 1989இல், பிழைத்தவனை நாணச் செய்து மீண்டும் சேர்த்துக்கொள்ளும் சமுதாயத்தில் குற்றம் குறையும். அவனை என்றென்றும் ஒதுக்கும் சமுதாயத்தில் பெருகும் என்று வாதிட்டார்.

நமக்கு இது புதிதன்று. தத்துவார்த்த சூத்திரம் பிராயச்சித்தத்தை ஒன்பது வகையாகப் பகுக்கிறது. குருவின்முன் பிழையை எடுத்துரைக்கும் ஆலோசனை அதன் முதல்வகை. சிறிது காலம் விலக்கி வைக்கும் பரிஹாரமும் அதில் உண்டு. ஆனால் வரிசை விலக்கலோடு முடியவில்லை. மீண்டும் விரதத்தில் நிலைநிறுத்தும் உபஸ்தாபனத்தில் முடிகிறது.

அதனை நம் தெருவிலும் கடைப்பிடிப்போமா? சிறை சென்று மீண்டவனுக்கு வேலை கொடுக்க நம் கடைகள் முன்வருமா? அவன் மகளுக்கு வரன் வரும்போது தந்தையின் வழக்கை எடுத்துச் சொல்லி அதனைக் கலைக்காதிருப்போமா? வகுப்பில் எழுதுகோலை எடுத்துவிட்ட சிறுவனை அழைத்துத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். திருடன் என்று மட்டும் கூப்பிடாதீர்கள். அந்தப் பெயரையே தனக்குரியது என்று அவன் நம்பிவிடுவான். முப்பது ஆண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்னும் உரிமையில் இதனைச் சொல்கிறேன்.