நலமான மஜ்ஜையையும் அருகில் வையுங்கள்



இரத்தப் புற்றுச் செல்களின் மேல் கீமோதெரபி மருந்துகளைச் சோதிப்பது பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். வந்திருக்கும் கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் பலவற்றில் ஒரு கேள்விக்கு விடையில்லை: புற்றுச் செல்லைக் கொன்ற அதே அளவு மருந்தை நலமான மஜ்ஜைச் செல் தாங்கியதா?

இந்தக் கேள்வியை முன்னமே கேட்டவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஆரிகனில் பிரையன் டிரக்கர் குழுவினர், பின்னாளில் இமாட்டினிப் என்று பெயர் பெற்ற மருந்தைச் சோதித்து 1996இல் முடிவுகளை வெளியிட்டார்கள். செல் வரிசைகளோடு அவர்கள் நிற்கவில்லை. நாட்பட்ட மயலாய்டு லுக்கிமியா நோயாளிகளின் இரத்தத்தையும் மஜ்ஜையையும் வளர்த்துப் பார்த்தார்கள். புற்றுச் செல்கூட்டங்கள் 92 முதல் 98 விழுக்காடு வரை குறைந்தன. நலமான செல்கூட்டங்கள் குறையவில்லை. என்னைப் பொறுத்தவரை அந்தக் கட்டுரையின் உயிர் இரண்டாவது செய்தியில்தான் இருக்கிறது. அவர்கள் கையாண்ட அளவு 1 மைக்ரோமோலார். பிறகு நாள்தோறும் 400 மில்லிகிராம் உட்கொண்ட நோயாளிகளின் இரத்தத்தில் அந்த அளவைத் தாண்டியே மருந்து நிலைத்தது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. நம் கட்டுரைகளிலோ 50, 100 மைக்ரோமோலாரில் செல் மடிந்ததை வெற்றி என்கிறோம். அந்த அளவு மனித இரத்தத்தில் எட்டக்கூடியதா என்று பார்ப்பதில்லை.

நம் குளிர்பெட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் கே-562, எச்.எல்.-60 என்னும் இரத்தப் புற்றுச் செல் வரிசைகள். டி.என்.ஏ. சேதமடைந்தால் செல்லைத் தற்கொலைக்குத் தூண்டும் பி53 புரதம் இவை இரண்டிலும் இல்லை. டி.என்.ஏ.வைத் தாக்கும் மருந்துகளைச் சோதிக்கும்போது இதைச் சொல்லாமல் விடுவது சரியன்று. செல்களின் உயிர்ப்பை நிறத்தால் அளக்கும் எம்.டி.டி. சோதனையிலும் இப்படி ஒன்றைச் சொல்லாமல் விடுகிறோம். ஊதா நிறம் குறைந்தால் செல் செத்துவிட்டது என்று எழுதிவிடுகிறோம். அது பெருகாமல் நின்றிருக்கவும் கூடும். மருந்தைக் கழுவிவிட்டு மறுபடி வளர்த்துப் பாருங்கள்.

நலமான மஜ்ஜைக்கு எங்கே போவது என்று மாணவர்கள் கேட்பது நியாயமே. தாயின் ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இருந்தால் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து குருத்தணுக்களைப் பிரித்துக்கொள்ளலாம். செலவு கூடும். ஆய்வு நிதி கேட்கும்போதே அதைச் சேர்த்துக் கேளுங்கள். மதிப்பீட்டுக் குழுவில் நான் இருந்தால் வெட்ட விடமாட்டேன்.

நலமான செல்களை அருகில் வைத்துச் சோதிப்பதும் எல்லாவற்றையும் காட்டிவிடாது. நித்தியகல்யாணிச் செடி தந்த வின்கிறிஸ்டின் மஜ்ஜையை அவ்வளவாக வாட்டுவதில்லை, நரம்பைத்தான் வாட்டுகிறது. கை கால் மரத்துப்போவதை எந்த இரத்தச் செல் தட்டும் சொல்லாது. அதனால் மருத்துவமனை வார்டில் பணியாற்றுவோரும் இந்த அமர்வுகளில் எழுந்து கேள்வி கேட்க வேண்டும்.

முதல் அமர்வில் பேசுவோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மருந்து பாதிச் செல்களைக் கொன்ற அளவு, அதே அளவில் நலமான செல்களுக்கு நேர்ந்தது, நோயாளியின் இரத்தத்தில் எட்டக்கூடிய அளவு ஆகிய மூன்றையும் ஒரே படத்தில் காட்டுங்கள். ஏதாவது ஒன்று கைவசம் இல்லையென்றால், அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுக் காட்டுங்கள்.