பசி எல்லோருக்கும் ஒன்றுதானா?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



எனக்கு முன் பேசிய தோழர்கள் பெரிய விஷயங்களைப் பற்றியெல்லாம் பேசினார்கள். நான் பேச வந்திருப்பது ஒரு குழந்தையின் சோற்றுத் தட்டைப் பற்றி. இதென்ன அற்பச் சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். நம் வீடுகளில் தாய் அழுவதும், மாமியார் ஏசுவதும், பிள்ளை அடிபடுவதும், மந்திரிக்கிறவன் காசு வாங்கிப் போவதும் பல நாளில் அந்தத் தட்டைச் சுற்றித்தான் நடக்கிறது.

"பசி ருசி அறியாது" என்று நம்மவர்கள் சொல்லுவதுண்டு. அதை யாராவது பரீட்சை செய்து பார்த்தார்களா? இல்லை. பெரியவர்கள் சொன்னார்கள், நாமும் சொல்லுகிறோம். நம்மில் பலருக்கு அது பொருந்தலாம். ஆனால் ஆட்டிசம் என்று வைத்தியர்கள் சொல்லும் நிலையிலுள்ள பல குழந்தைகளுக்கு அது பொருந்தாது. "ஒரு நாள் பட்டினி போடு, தானாகத் தின்னும்" என்று யோசனை சொல்லுகிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். அப்படிப் போட்டுப் பார்த்தால் சில பிள்ளைகள் தின்பதே இல்லை. உடல் வற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டியதாகிறது. உயிரைப் பணயம் வைத்து ஐந்து வயதுப் பிள்ளை பிடிவாதம் செய்யுமா என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

பசி என்பது என்ன? வயிறு காலியானதும் கிரெலின் என்ற ஒரு சுரப்பு நீர் இரத்தத்தில் கலக்கிறது. வயிற்றிலிருந்து நரம்பு வழியாகவும் தகவல் போகிறது. மூளை அதை வாங்கி, "இது பசி" என்று அர்த்தம் செய்துகொள்ள வேண்டும். தந்தி வந்தால் மட்டும் போதாது; படிக்கிறவரும் வேண்டும். ஆட்டிசம் உள்ள பலருக்கும், ஏ.டி.எச்.டி. என்னும் கவனச் சிதறலும் துறுதுறுப்பும் உள்ள பலருக்கும் இந்தப் படிப்பில்தான் வித்தியாசம். சிலருக்குப் பசி தெரிவதே இல்லை. தலைவலியும் கோபமும் நடுக்கமும்தான் தெரிகின்றன. சிலருக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை.

இது உள்ளே நடக்கும் கதை. வெளியே நாக்கும் மூக்கும் காதும் இருக்கின்றன. நமக்கு வெண்டைக்காய் கொழகொழப்பு, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கு அது வாயில் புழுவை விட்டது போல் இருக்கலாம். சோற்றில் குழம்பு பட்டால் அது வேறு பண்டம். நாம் சோம்பேறிப் பண்டம் என்று ஏசுகிற பிஸ்கோத்தை அது ஏன் விரும்புகிறது தெரியுமா? ஒரு பிஸ்கோத்து மற்றொன்றைப் போலவே இருக்கும். திராட்சைக் குலையில் ஒன்று இனிக்கும், ஒன்று புளிக்கும், ஒன்று அழுகியிருக்கும். எதிர்பாராததைக் கண்டு அஞ்சும் மூளைக்குப் பிஸ்கோத்தே யோக்கியமான உணவு! நான் பிஸ்கோத்துக் கம்பெனிக்கு ஏஜெண்டு அல்ல, காரணத்தைச் சொல்லுகிறேன்.

அமெரிக்காவில் லியோ கானர் என்ற வைத்தியர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் அது முக்கியமானது. அவர்களில் 6 பேருக்குப் பிறந்தது முதலே சாப்பாட்டில் பெருந்தொல்லை இருந்ததாக அவர் அதில் குறித்திருக்கிறார். முதல் பிள்ளை டொனால்டு. மற்றப் பிள்ளைகள் மிட்டாய் தின்பதைப் பார்த்தும் அவனுக்கு ஆசை வந்ததில்லை என்று தகப்பனார் தெரிவித்திருந்தார். அந்த டொனால்டு டிரிப்லெட் பாங்கில் வேலை பார்த்து, பல தேசங்களைச் சுற்றிப் பார்த்து, 2023-ல் தமது 89-வது வயதில் இறந்தார்.

நிற்க. நம் ஊரில்தான் "தாய் வளர்த்த லட்சணம்" என்று பழி போடுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-ல் ஒரு தடித்த புஸ்தகமே எழுதி, தாயின் அன்பில்லாமைதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று சாதித்தார். மேல்நாட்டில் எத்தனையோ தாய்மார்கள் அதை நம்பிக் கண்ணீர் விட்டார்கள். மூளை வளரும் விதமும் பரம்பரைக் கூறுகளும்தான் பெரும் காரணம் என்று பின்னால் வந்த ஆராய்ச்சிகள் காட்டிவிட்டன. குடுமி வைத்தவர் சொன்னாலும் கோட்டுப் போட்டவர் சொன்னாலும், ஆதாரம் எங்கே என்று கேட்கத்தான் வேண்டும்.

இனி ஏ.டி.எச்.டி. உள்ளவர்களைப் பார்ப்போம். இவர்களில் பலர் ஒரு வேலையில் மூழ்கிவிட்டால் காலை முதல் மாலை வரை சாப்பாட்டை மறப்பார்கள். இரவில் கொலைப் பசியோடு அகப்பட்டதையெல்லாம் தின்பார்கள். உடனே "பெருந்தீனிக்காரன், கட்டுப்பாடு கெட்டவன்" என்று பட்டம் கொடுத்துவிடுகிறோம். கையை நிறுத்தி யோசிக்கும் சக்தி குறைவாயிருப்பதே அந்த நிலையின் லட்சணமாயிருக்க, அதைப் போய்க் குணக்கேடு என்பது நொண்டியை ஓடவில்லை என்று அடிப்பது போலத்தான். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மெதில்பெனிடேட் போன்ற மருந்து கவனத்துக்கு உதவும். ஆனால் பசியை மந்தமாக்கும். மத்தியானச் சாப்பாடு அப்படியே திரும்பி வரும். மருந்தின் வேகம் தணிந்த பின் மாலையில் பசி எடுக்கும். ஆகவே மாத்திரைக்கு முன் காலையில் நன்றாகச் சாப்பிடச் செய்து, மாலையில் மறுபடியும் கொடுத்து, எடையையும் உயரத்தையும் வைத்தியர் பார்த்துவர வேண்டும். மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது.

போகட்டும், தின்றதைத் தின்னட்டும் என்று விட்டுவிடலாமா என்றால், அதுவும் ஆபத்து. பழமும் காய்கறியும் தொடாத ஆட்டிசக் குழந்தைகள் சிலர் கால் வலித்து நடக்க முடியாமல் போயிருக்கிறார்கள். எலும்பைப் படம் பிடித்தும் இரத்தத்தைச் சோதித்தும் தேடிய பிறகு, பழைய காலத்துக் கப்பல்காரர்களுக்கு வந்த ஸ்கர்வி என்று தெரிந்தது! வைட்டமின் சி கொடுத்தபின் நடந்தார்கள். அந்த நாட்களில் வாசலில் எலுமிச்சம்பழத்தைச் சுற்றிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எறிந்த பழத்தின் சாற்றில் இருந்த சத்துதான் அந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது.

தாயத்துக்காரன் மட்டும்தான் மோசக்காரன் என்பதில்லை. கோதுமையையும் பாலையும் அடியோடு நிறுத்தினால் ஆட்டிசம் தீரும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அதற்குத் தக்க ஆதாரம் கிடையாது. நாலே பண்டம் தின்கிற பிள்ளையிடமிருந்து இரண்டைப் பிடுங்கினால் மிச்சம் என்ன?

செய்யக்கூடியது இருக்கிறது. பசி தெரியாதவனுக்குக் கடிகாரம்தான் வயிறு. நேரம் வைத்து, கண்ணுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும். புதுப் பண்டத்தைத் திணிக்காமல், பிடித்ததற்குப் பக்கத்தில் தனிக் கிண்ணத்தில் ஒரு துண்டு வைத்தால் போதும். இன்று பார்க்கும், சில வாரம் போனால் தொடும், பிறகு முகரும். அது தின்பதற்கு முன் உங்கள் பொறுமை தீர்ந்துவிடும், தீரவிடாதீர்கள். சோற்றுக்குள் மறைத்துக் கொடுத்து ஏமாற்ற வேண்டாம், கண்டுபிடித்தால் சோற்றையும் விட்டுவிடும். மலச்சிக்கலும் பல்வலியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை தட்டைத்தான் தள்ளும். எடை குறைந்தாலும், இருந்த பண்டம் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தாலும், தாமதிக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் வாத்தியார்களுக்கு ஒன்று. சத்துணவு நேரத்தில் நூறு தட்டு ஒன்றாய்ச் சத்தமிடும் இடத்தில் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தால், அதைத் தாழ்வாரத்து மூலையில் தனியாக உட்காரவிட்டுப் பாருங்கள். தயிர்ச்சோறு மட்டும் கொண்டு வந்திருந்தால், அதையே தின்னட்டும். அதற்குச் சர்க்கார் உத்தரவு ஒன்றும் வர வேண்டியதில்லை.