பங்கு வழிபாட்டில் இசைப்பணி: தலைகீழான மூன்று படிகள்



திருவழிபாட்டில் இறைமக்கள் வாய்திறந்து பாடுவதற்குத் துணையாகப் பாடகர் குழுவும் பாடல் தலைவரும் இசைக்கருவி வாசிப்போரும் ஆற்றும் தொண்டே இசைப்பணி எனப்படுகிறது. 1903இல் பத்தாம் பயஸ் திருத்தந்தை தொடங்கிவைத்த சீர்திருத்தம், 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில் முழுமை பெற்று, திருஇசையைச் சிறப்பு வழிபாட்டின் பிரிக்க இயலாத பகுதியாக நிலைநாட்டியது. அதே ஏடு, மறைபரப்பு நாடுகளில் அந்தந்த மக்களின் இசைமரபுக்கு உரிய இடம் தர வேண்டும் என்றும் பணித்தது.

எனினும், பங்குகளின் நடைமுறையைச் சீர்தூக்க உதவும் அளவுகோல் 1967 மார்ச் 5 அன்று வெளிவந்த திருஇசை பற்றிய படிப்பினையிலேயே உள்ளது. அது திருப்பலியில் பாடப்படுவனவற்றை மூன்று படிகளாக வகுக்கிறது. அருள்பணியாளரின் வாழ்த்தும் மக்களின் மறுமொழியும், தொடக்கவுரையும் அதனைத் தொடரும் தூயவர் பாடலும், நற்கருணை மன்றாட்டின் இறுதிப் புகழுரையும், ஆண்டவர் கற்பித்த செபமும் முதற்படியில் அடங்கும். இரக்க மன்றாட்டு, வானவர் கீதம், செம்மறி பாடல், நம்பிக்கை அறிக்கை முதலியன இரண்டாம் படியைச் சேரும். வருகை, காணிக்கை, திருவிருந்துப் பாடல்கள் மூன்றாம் படியில் வருகின்றன. முதற்படி தனித்து நிற்கலாம், ஆனால் அதனை விடுத்து மற்றவற்றைப் பாடலாகாது என்பதே விதி. பதிலுரைப் பாடல் மூன்றாம் படியில் வைக்கப்பட்டது விவாதத்திற்குரியது. இறைவாக்கு வழிபாட்டின் இன்றியமையாப் பகுதியென்று திருப்பலி நூலின் பொது விதிமுறைகள் பின்னர் அதனை உயர்த்திக் கூறுவது இதற்குச் சான்று.

தமிழகப் பங்குகள் பலவற்றில் இவ்வரிசை தலைகீழாக உள்ளது. வருகைப் பாடலும் காணிக்கைப் பாடலும் கீபோர்டும் தபேலாவும் முழங்க விரிவாகப் பாடப்பட, உரையாடல் பகுதிகளோ வெறும் பேச்சாக விரைந்து கடந்துபோகின்றன. இலத்தீன் திருப்பலியை அருள்பணியாளர் மெல்லிய குரலில் நிறைவேற்றிய காலத்தில், மக்கள் தம் மொழியில் வேறு பாடல்களைப் பாடிவந்த பழைய வழக்கம், மொழி மாறிய பின்னும் மனத்தில் நீடிப்பதே இதற்குப் பெருங்காரணமாகக் கொள்ளத்தக்கது. பாடகரின் குரலுக்கேற்பச் சுருதியை உயர்த்தி வைப்பதும் கூட்டத்தை மௌனமாக்குகிறது. எளிதில் திருத்தக்கூடிய இக்குறை நெடுங்காலமாகத் திருத்தப்படாமல் இருப்பது வருந்தத்தக்கது.

மக்களுக்கு மறுமொழி பாடத் தெரியாது என்ற வாதம் ஏற்புடையதன்று. தேர்பவனியில் அன்னையின் மன்றாட்டுமாலையை ஒருவர் எடுத்துக்கொடுக்க, ஏடு ஏதும் கையில் இல்லாத முதியவரும் சிறுவரும் ஒருங்கே ராகத்துடன் விடையிறுப்பதைத் தமிழகத் திருத்தலங்கள் அறியும். எடுப்பும் விடையுமாக அமைந்த அந்த வடிவமே முதற்படி வேண்டும் வடிவம். அதற்குரிய குரலும் பழக்கமும் மக்களிடம் ஏற்கனவே உள்ளன.

ஆகவே, புதிய பாடல் தொகுப்புகளைப் பற்றிய ஆய்வுகளுக்கு முன்பாக, வாழ்த்துரைகளுக்கும் தொடக்கவுரைக்கும் தமிழ்ச் சொல்லின் நீட்சியும் நிறுத்தமும் சிதையாத எளிய மெட்டுகளை வகுத்தல், குருமடங்களில் அவற்றைப் பயிற்றுதல், பொதுமக்களின் குரலெல்லைக்குள் சுருதியை நிறுத்துதல் ஆகிய மூன்றையும் இக்கூட்டத்தின் முதல் அமர்வு எடுத்துக்கொள்ளுமாறு இவ்வுரை முன்மொழிகிறது.