சங்கத்திற்கு வர இயலாத படைவீரர்

(மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் நிகழ்த்தப்பெற்ற உரை)

படையிலிருந்து ஓய்வு பெற்றவர் என்றதும் நரைத்த மீசையும் ஊன்றுகோலும் கொண்ட முதியவர் ஒருவரே பலருடைய மனக்கண்ணில் தோன்றுகிறார். உண்மை அதுவன்று. தரைப்படையில் சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் 35 வயதிற்கும் 40 வயதிற்கும் இடையிலேயே சீருடையைக் களைந்துவிடுகின்றனர். முப்படைகளிலிருந்தும் ஆண்டுதோறும் சுமார் 60,000 பேர் இவ்வாறு ஊர் திரும்புகின்றனர். அதற்குப் பின்னரும் அவர்களுக்கு முப்பது, நாற்பது ஆண்டுக்கால வாழ்வு எஞ்சி நிற்கிறது.

படைமுகாமில் அவர்களுக்கு எழும் நேரம் உண்டு. உணவு வேளை உண்டு. குறித்த காலத்தில் மருத்துவச் சோதனை உண்டு. யாவும் ஆணைப்படி நடந்தேறின. ஊரில் ஆணையிடுவோர் எவருமிலர். நோயை முன்னரே கண்டறிய வேண்டுமாயின், தாமே முனைந்து செல்ல வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு ஊரிலுள்ள முன்னாள் படைவீரர் சங்கத்தின்மேல் விழுகிறது.

அரசு இத்துறையில் நெடுங்காலமாகவே அமைப்புகளை நிறுவி வந்துள்ளது. முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1919இல், இந்தியப் படைவீரர் வாரியம் தோற்றுவிக்கப்பட்டது. அதுவே 1975இல் கேந்திரிய சைனிக் வாரியம் எனப் பெயர் பெற்றது. மாநில அளவில் ராஜ்ய சைனிக் வாரியங்களும், மாவட்ட அளவில் ஜில்லா சைனிக் வாரியங்களும் இயங்குகின்றன. மத்தியில் முன்னாள் படைவீரர் நலனுக்கெனத் தனித்துறை 2004இல் அமைக்கப்பட்டது. ஆயினும் மாவட்டத் தலைநகருக்கும் மலையுச்சிச் சிற்றூருக்கும் இடையேயுள்ள கடைசிச் சில மைல்களை எந்த அலுவலகமும் முழுமையாகக் கடந்துவிடவில்லை. அங்குதான் சங்கத்தின் பணி தொடங்குகிறது.

கட்வாலின் நிலை

உத்தராகண்ட் மாநிலத்தின் கட்வால் பகுதி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். கட்வால் ரைபிள்ஸ் படைப்பிரிவு 1887இல் தோன்றியது. அதன் பயிற்சி மையம் பௌரி கட்வால் மாவட்டத்திலுள்ள லான்ஸ்டவுன் நகரில் அமைந்துள்ளது. தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பி வரும் குடும்பங்கள் இங்கு ஏராளம். படையிலிருந்து மீண்டவர் ஊருக்கு உழைப்பதும் இங்குப் பழைய வழக்கமே. முதல் உலகப் போரில் விக்டோரியா சிலுவை பெற்ற தர்வான் சிங் நேகி, கர்ணபிரயாகில் பள்ளி ஒன்று அமைய வேண்டும் என்று கேட்டதும், அவ்வாறே அங்குப் பள்ளி உருவானதும் அம்மலை மக்களால் இன்றும் நன்றியுடன் நினைவுகூரப்படுகின்றன.

இன்று அம்மலையூர்கள் வேறொரு சோதனையைச் சந்திக்கின்றன. இளைஞர்கள் வேலை தேடிச் சமவெளிக்கு இறங்கிவிடுகின்றனர். 2001க்கும் 2011க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் பௌரி கட்வால், அல்மோரா ஆகிய இரு மாவட்டங்களிலும் மக்கள்தொகை வளராமல் குறைந்தே போயிற்று. எஞ்சியிருப்போரில் முதியோர் மிகுதி. அவர்களுள்ளும் ஓய்வூதியம் பெறும் படைவீரர்களும், அவர்களை இழந்த மனைவியரும் கணிசமானோர். மகன் தொலைவில், மருத்துவமனையும் தொலைவில். இத்தகைய ஊரில் சங்கம் என்பது பொழுதுபோக்கிற்கான இடம் மட்டுமன்று.

கூட்டமும் கொண்டாட்டமும்

இத்தகைய சங்கங்களின் நடைமுறை பெரும்பாலும் ஒரே வகையாகவே உள்ளது. மாதம் ஒருநாள் கூடுவர். குடியரசு நாளிலும் விடுதலை நாளிலும் கொடியேற்றுவர். 1949 முதல் டிசம்பர் 7ஆம் நாள் கொண்டாடப்பட்டுவரும் படைவீரர் கொடி நாளில் நிதி திரட்டுவர். தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கே. எம். கரியப்பா 1953இல் ஓய்வு பெற்ற ஜனவரி 14ஆம் நாளை முன்னாள் படைவீரர் நாளாகப் போற்றுவர். படையில் சேர விழையும் இளைஞர்களுக்கு ஓட்டப் பயிற்சி அளிப்பர். வழிநடை செப்பனிடுதல், நீரூற்றுகளைத் தூர்வாருதல், மரம் நடுதல் போன்ற பணிகளிலும் முன்னிற்பர்.

இவற்றை வெறும் கொண்டாட்டம் என்று ஒதுக்குதல் தவறு. ‘சுபேதார் சாஹிப்’ என்று மரியாதையுடன் விளிக்கப்படும்போது, ஓய்வு பெற்றவர் தம் பழைய மதிப்பை மீண்டும் பெறுகிறார். பேச ஆளின்றி வீட்டில் முடங்கியவர், உடன் பணியாற்றிய தோழரிடம் மனம் திறக்கிறார். படைமுகாமில் ‘உறக்கம் வரவில்லை’ என்று சொல்லக் கூசியவர் இங்குச் சொல்கிறார். தனிமையும் உளச்சோர்வும் உடல்நோய்க்கு வாயிலாகும் என்பதை மருத்துவம் இன்று ஏற்றுக்கொண்டுள்ளது. ஆகவே கூடி அமர்வதும் ஒருவகை மருத்துவமே.

நலவாழ்வு வழிகாட்டல்

மருத்துவர் இல்லாத சங்கம் மருத்துவம் செய்யலாகாது; ஆனால் அளந்து பார்க்கலாம், நினைவூட்டலாம், அனுப்பி வைக்கலாம். பெரும்பாலான ஊர்களில் படையின் மருத்துவப் பிரிவில் ‘நர்சிங் அசிஸ்டென்ட்’ ஆகப் பணிபுரிந்த ஒருவரேனும் இருப்பார். இரத்த அழுத்தமானி ஒன்றும் குறிப்பேடு ஒன்றும் அவரிடம் இருந்தால் போதும். மாதக் கூட்டமே முகாமாகிவிடும். வெவ்வேறு நாள்களில் அளந்தும் அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் நிற்குமாயின் அவர் மருத்துவரைக் காண வேண்டும். உணவுக்கு முன் இரத்தச் சர்க்கரை 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பின் மறு சோதனை வேண்டும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் நலம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

பீரங்கி, துப்பாக்கி ஒலிகளுக்கு நடுவே பணியாற்றியவர்க்குச் செவித்திறன் குன்றுதல் இயல்பு. வீட்டார் அதனைப் பிடிவாதம் என்று தவறாகக் கொள்வதும் உண்டு. சுமை தூக்கி மலையேறியவர்க்கு முழங்கால் தேய்வு. பீடிப் பழக்கமுடையார்க்கும் விறகடுப்புப் புகையில் உழன்ற மகளிர்க்கும் மூச்சிரைப்பு. கேன்டீனில் சலுகை விலையில் கிடைக்கும் மதுவைப் பற்றியும் சங்கம் வாய்மூடி இருத்தலாகாது. முகாமில் அளவோடிருந்தது ஊரில் அளவு கடந்த வரலாறுகள் பல. மூத்தவர் ஒருவர் தனியே அழைத்துச் சொல்லும் சொல், மேடையில் முழங்கும் அறிவுரையினும் பயன் தரும்.

ஒன்றை மட்டும் ஒவ்வொரு குடும்பமும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். மூளைக் குழாயில் உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்தினைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். மலைப்பாதையில் அந்த நேரம் விரைந்து கரைந்துவிடும். எந்த வண்டி, எந்த மருத்துவமனை என்பதை நோய் வருமுன்னரே முடிவு செய்து வைத்தல் சங்கத்தின் கடமை.

திட்டமும் அதன் வாயிலும்

முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம், அதாவது இ.சி.எச்.எஸ்., 2003 ஏப்ரல் 1ஆம் நாள் செயலுக்கு வந்தது. ஓய்வூதியம் பெறுவோரும் அவரைச் சார்ந்தோரும் இதில் பயன் பெறுவர். ஒருமுறை பங்களிப்புச் செலுத்திச் சேர்ந்தால் போதுமானது. வயது வரம்பில்லை, முன்னரே இருந்த நோய் என்ற தடையும் இல்லை. தொடக்கத்தில் 227 பாலிகிளினிக்குகளுக்கு ஒப்புதல் வழங்கப்பட்டது. இன்று நாடெங்கும் 400க்கும் மேற்பட்டவை உள்ளன. கட்வாலில் லான்ஸ்டவுன், கோட்துவார் போன்ற ஊர்களில் இவை இயங்குகின்றன.

நோயாளி முதலில் பாலிகிளினிக்கிற்குச் செல்வதும், தேவைப்படின் அங்கிருந்து பரிந்துரைச் சீட்டுடன் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கு அனுப்பப்படுவதும் பொதுவான முறை. உயிருக்கு ஆபத்தான அவசர நிலையில் நேராகவே மருத்துவமனைக்குச் செல்லலாம். அங்கீகாரம் பெறாத மருத்துவமனையாயின், 48 மணி நேரத்திற்குள் பாலிகிளினிக்கிற்குத் தகவல் தெரிவித்தல் வேண்டும். இந்த ஒரு விதியை அறியாமையால் செலவுத் தொகையைத் திரும்பப் பெறுவதில் இடர்ப்படும் குடும்பங்கள் உண்டு. விதி கடினமானதன்று, அதை நினைவில் வைத்திருக்க வேண்டியவரே மயக்கமுற்றுக் கிடப்பதுதான் சிக்கல். ஆகவே இவ்விதியைப் படைவீரர்க்கு மட்டும் கற்பித்தல் போதாது. அவருடைய மனைவிக்கும் அண்டை வீட்டார்க்கும் கற்பித்தாக வேண்டும்.

ஓய்வூதியம் பெறாத முன்னாள் படைவீரர்களும் உளர். 65 வயது கடந்து வறுமையில் வாடும் அத்தகையோர்க்கு, உரிய தகுதியிருப்பின், கொடி நாள் நிதியிலிருந்து உதவி உண்டு. அதற்கான விண்ணப்பத்தை ஜில்லா சைனிக் வாரியத்தில் சேர்ப்பிக்கத் துணைபுரிதல் சங்கத்தின் பணிகளுள் ஒன்று.

மனைவி அறியாத தாள்கள்

மிகப் பெரிய இடர் பெரும்பாலும் வீரர் மறைந்த பின்னரே வெளிப்படுகிறது. பணிப் பதிவேட்டில் மனைவியின் பெயர் ஒருவகையாகவும் ஆதாரில் வேறுவகையாகவும் இருக்கும். பிறந்த நாள் பொருந்தாது. ஓய்வூதிய ஆணை எந்தப் பெட்டியில் உள்ளது என்பதை அவர் ஒருவரே அறிந்திருப்பார். கணவன் உயிரோடிருக்கையில் எளிதில் திருந்தக்கூடிய ஓர் எழுத்துப் பிழை, அவர் மறைந்தபின் அப்பெண்ணைப் பல மாதங்கள் அலைக்கழிக்கிறது. குடும்ப ஓய்வூதியம் தாமதமாகிறது. மருத்துவ அட்டையும் சிக்கலில் விழுகிறது.

ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய வாழ்வுச் சான்றும் இத்தகையதே. 2014 முதல் ‘ஜீவன் பிரமாண்’ வாயிலாக மின்னணு முறையில் இதனை அளிக்கலாம். ஆயினும் தேய்ந்த விரல்ரேகையும், அலைவரிசை எட்டாத கைப்பேசியும் முதியவரைத் தடுக்கின்றன. சான்று தவறினால் ஓய்வூதியம் நின்றுபோகும். சங்கத்தின் இளம் உறுப்பினர் ஒருவர் கைப்பேசியுடன் வீடு தேடிச் சென்றால் அரை மணியில் முடியும் வேலை இது.

இருவகைப் பட்டியல்

சங்கங்கள் வழக்கமாக வருகைப் பதிவேடு வைத்திருக்கின்றன. அதனினும் தேவையானது, வராதோர் பட்டியல். கூட்டத்திற்கு வந்தவர் நடக்க வல்லவர், கேட்டறிய வல்லவர். படுக்கையில் கிடப்பவரும், கணவனை இழந்து தனித்திருப்பவரும், செவி கேளாமையால் அவைக்கு வரக் கூசுபவரும் அந்தப் பதிவேட்டில் இடம் பெறுவதில்லை. மூன்று கூட்டங்களுக்குத் தொடர்ந்து வராதவர் வீட்டிற்கு இருவர் நேரில் செல்வது என்ற ஒரு சிறு விதியைச் சங்கம் வகுத்துக்கொள்ளலாம். செல்வோர் நான்கு செய்திகளைக் கேட்டறிந்தால் போதும்: மருந்து கைவசம் உள்ளதா, மருத்துவ அட்டை செல்லுபடியாகிறதா, வாழ்வுச் சான்று அளிக்கப்பட்டதா, தாள்கள் இருக்குமிடம் மனைவிக்குத் தெரியுமா. இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. படையில் கற்ற ஒழுங்கே போதும்.

அலுவலர்களுக்கும் இதில் பங்குண்டு. மாதக் கூட்டத்திற்குச் சைனிக் வாரியத்தின் பணியாளர் ஒருவர் ஆண்டில் சில முறையேனும் வருவாராயின், பல விண்ணப்பங்கள் அங்கேயே திருத்தமுறும். ஆரம்ப சுகாதார நிலையமும் சங்கமும் கைகோத்தால், ஒரே முகாமில் படைவீரர் மட்டுமன்றி ஊரார் அனைவரும் பயன் பெறுவர். கல்லூரி மாணவர்கள் நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போது இப்பட்டியலைத் தொகுத்துத் தரலாம்.

காயமுற்ற தோழனைக் களத்தில் விட்டுவிட்டு வரலாகாது என்பது படைவீரர் போற்றும் நெறி. ஊர் திரும்பிய பின்னரும் அந்நெறி மாறுவதில்லை. நோயும் தனிமையும் முதுமையும் சூழ்ந்த வீட்டில் தோழர் ஒருவர் காத்திருக்கிறார். அவரால் சங்கத்திற்கு வர இயலாது. சங்கம்தான் அவரிடம் சென்றாக வேண்டும்.