கடலடிக் கம்பியும் நம் வீட்டுப் பேச்சும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இணையத்தின் வழியே பேசுவது குறித்தும் ஃபேக்ஸ் அனுப்புவது குறித்தும் இவ்விழாவில் சில சொல்லுமாறு சங்கத்தார் பணித்தனர். இசையும் கூத்தும் நிறைந்த மாலைப் பொழுதில் கம்பியையும் கருவியையும் பற்றிப் பேசுவது உப்பில்லாப் பண்டமாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும் ஹேடோவில் குடியிருக்கும் நமக்கு இதனினும் நெருங்கிய பொருள் வேறில்லை என்று துணிந்தே வந்துள்ளோம். சென்னைக் கப்பல் புறப்படுவது நம் தெருக்களை அடுத்த துறையிலிருந்துதான். அக்கப்பல் சென்னையைச் சேர ஏறக்குறைய மூன்று நாட்கள் ஆகின்றன. தாயின் உடல்நிலை கேட்டு ஒரு கடிதம் எழுதி, அதற்கு மறுமொழி வரும்வரை காத்திருந்த காலத்தை நம் பெரியோர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

செய்தி வழியில் நம் தீவு என்றும் பின்தங்கியே இருந்தது என்று எண்ணிவிட வேண்டா. கம்பியில்லாத் தந்தி இந்தியப் பேரரசில் முதன்முதலாகப் பயன்பட்ட இடங்களுள் போர்ட் பிளேரும் ஒன்று. 20-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே இங்கிருந்து பர்மாக் கரையை அடுத்த டைமண்ட் தீவுக்கு வானலை வழியே செய்தி சென்றது. அவ்வழி ஆட்சியாளருக்குரியது; குடிமக்களின் நலம் விசாரிக்க அமைந்ததன்று. 1942 மார்ச்சு முதல் 1945 அக்டோபர் வரை ஜப்பானியர் இத்தீவுகளைக் கைக்கொண்டிருந்தபோது தாய்நாட்டுடன் இருந்த தொடர்பு அறவே அற்றது. இங்கிருந்தோர் உயிரோடு இருக்கின்றனரா என்பதைக்கூட அங்கிருந்தோர் அறிய வழியில்லை. விடுதலைக்குப் பின் தந்தி வந்தது, டிரங்க் கால் வந்தது, பின்னர்ச் செயற்கைக்கோள் வந்தது. தந்தியும் 2013 ஜூலையில் நாடு முழுவதும் விடைபெற்றுக்கொண்டது.

செயற்கைக்கோளின் வழியே பேசிய நாட்களை நம்மில் நாற்பது வயதைக் கடந்தோர் அனைவரும் அறிவர். "நலமா?" என்று நாம் கேட்போம். மறுமொழி வாராது. கேட்கவில்லை போலும் என்று எண்ணி மீண்டும் "நலமா?" என்போம். அதே நொடியில் அங்கிருந்து "நலந்தான்" என்ற சொல் வந்து நம் கேள்வியின் மேல் மோதும். இருவரும் நிறுத்துவோம்; இருவரும் ஒருங்கே தொடங்குவோம். இது கருவியின் பழுதன்று, இயற்கையின் கணக்கு. அச்செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டின் மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றது. நம் சொல் அவ்வளவு தொலைவு ஏறி, அவ்வளவு தொலைவு இறங்க வேண்டும். ஒளியின் வேகத்திற் சென்றாலும் அதற்குக் கால் நொடி ஆகும். மறுமொழிக்கு இன்னொரு கால் நொடி. அரை நொடிதானே என்று நகைக்கலாம். ஆனால் மனிதர் உரையாடுகையில் ஒருவர் முடிக்க மற்றவர் தொடங்கும் இடைவெளி கண்ணிமைக்கும் பொழுதே. அதனால்தான் அந்நாளைய பேச்சுகள் எல்லாம் அறிக்கைகளாயின. "பணம் வந்தது. தம்பி தேர்வு எழுதினான். மழை பெய்தது. வைத்துவிடவா?" என்று முடிந்துபோயின. கொஞ்சலும் சிணுங்கலும் குறுக்குக் கேள்வியும் அரை நொடி இடைவெளியில் பிழைப்பதில்லை.

இணையம் இதில் எவ்வாறு வந்து புகுந்தது? பழைய தொலைபேசியில் இருவர் பேசுமளவும் அவர்களுக்கென ஒரு வழி ஒதுக்கப்பட்டிருக்கும். பேசாது வாய்மூடி இருந்தாலும் அவ்வழி அவர்களுடையதே. இணையத்தில் அப்படியில்லை. நம் குரல் எண்களாக மாற்றப்பட்டுச் சிறு சிறு துணுக்குகளாக நறுக்கப்படுகின்றது. பெரும்பாலும் ஒரு துணுக்கு ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுடையது. ஒவ்வொன்றின் தலையிலும் சேருமிடத்து விலாசம் எழுதப்படும். நொடிக்கு ஐம்பது அஞ்சலட்டைகளை ஒருவர் பெட்டியிற் போட்டுக்கொண்டே இருப்பதாக எண்ணிப் பாருங்கள். சில முன்பின்னாக வரும், சில வந்து சேரவே மாட்டா. பெறும் கருவி அவற்றைச் சற்றே தேக்கி வைத்து, வரிசைப்படுத்தி, மீண்டும் குரலாக்குகின்றது. இடையில் ஒன்றிரண்டு தவறினாலும் நம் செவி பொறுத்துக்கொள்ளும், "அம்..மா" என்று வந்தாலும் அம்மா என்றே மனம் நிரப்பிக்கொள்ளும்.

ஃபேக்ஸ் கருவிக்கோ அப்பொறுமை இல்லை. இக்கருவியின் வயது பலருக்கு வியப்பாக இருக்கும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் பெய்ன் என்பார் எழுத்தின் உருவத்தையே கம்பி வழியே அனுப்பும் முறைக்கு 1843-இல் காப்புரிமை பெற்றார். தொலைபேசிக்கு கிரகாம் பெல் உரிமை பெற்றது அதற்கு 33 ஆண்டுகள் கழித்தே. பின்னாளில் வந்த ஃபேக்ஸ் கருவி தாளிலுள்ள கருமையையும் வெண்மையையும் ஓசையாக மாற்றித் தொலைபேசியில் கீச்சிடுகின்றது. மறுமுனைக் கருவி அவ்வோசையை மீண்டும் தாளில் வரைகின்றது. இணையத்தில் குரலைச் சுருக்கி அனுப்பும் முறைகள் மனிதக் குரலுக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றின் வழியே ஃபேக்ஸின் கீச்சொலி சென்றால் உருக்குலைந்து போகும். ஒரு துணுக்கு தவறினாலும் பக்கத்தில் ஒரு கீற்று மறையும், அல்லது கருவி சினந்து இணைப்பையே துண்டித்துவிடும். செயற்கைக்கோளின் தாமதமும் சேர்ந்தால் சொல்லவே வேண்டா. மறுமுனையின் ஒப்புதலுக்குக் குறித்த நொடிகளே காத்திருந்து, வாராவிடில் கைவிட்டுவிடும் இயல்பு அதற்கு உண்டு. தாய்நாட்டுக் கல்லூரிக்கு மகனின் மதிப்பெண் பட்டியலை அனுப்பப் போய், பாதிப் பக்கம் போனதற்கும் கட்டணம் கொடுத்துத் திரும்பியவர்கள் இவ்வவையிலேயே இருக்கக் கூடும்.

இக்குறையை நீக்க டி.38 என்னும் நெறிமுறை 1998-இல் வகுக்கப்பட்டது. இதன்படி ஃபேக்ஸின் ஓசை இணையத்தில் ஏறுவதே இல்லை. இம்முனையில் ஒரு வாயிற் கருவி அவ்வோசையைக் கேட்டு, அதிலுள்ள பக்கத்தின் செய்தியை மட்டும் பிரித்தெடுக்கும். அதனைத் துணுக்குகளாக்கி, முன்னே சென்றவற்றின் படியையும் உடன் சேர்த்து அனுப்பும். ஒன்று தவறினும் அடுத்ததிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். அம்முனையில் மீண்டும் ஓசையாக்கிக் கருவிக்குக் கொடுக்கும். இரண்டு கருவிகளும் தாம் நேரே உரையாடியதாகவே எண்ணிக்கொள்ளும். இன்று பலரும் கைப்பேசியில் தாளைப் படம்பிடித்து அனுப்பிவிடுகின்றனர், ஃபேக்ஸ் அருகிவிட்டது. எனினும் பெய்ன் கண்ட கனவு மாறவில்லை, வண்டிதான் மாறியது.

நம் நாட்டில் இணையப் பேச்சு நெடுநாள் விலக்கப்பட்டிருந்தது என்பதை இளைஞர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். 1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அதே ஆண்டில் இஸ்ரேலிய நிறுவனம் ஒன்று கணினி வழியே பேசும் மென்பொருளை விற்கத் தொடங்கியது. ஆனால் இங்கே அவ்வழிப் பேசுவதற்கு 2002 ஏப்ரல் முதல் நாள்தான் இசைவு கிடைத்தது. அதுவும் கணினிக்குக் கணினி பேசலாம், வெளிநாட்டுத் தொலைபேசியை அழைக்கலாம், உள்நாட்டிலுள்ள தொலைபேசியை அழைக்கலாகாது என்ற வரம்புடன்! அமெரிக்காவிலிருக்கும் மைத்துனரின் தொலைபேசியைக் கணினியிலிருந்து அழைக்கலாம்; காரைக்குடியிலிருக்கும் அத்தையின் தொலைபேசியை அழைத்தல் ஆகாது. தொலைபேசி நிறுவனங்களின் வருவாய் குன்றுமே என்ற அச்சம் இதன் உள்ளே இருந்தது. 2018-இல்தான் அத்தடை நீங்கியது. அவ்வாண்டு ஜூலையில் பி.எஸ்.என்.எல். நிறுவனமே ‘விங்ஸ்’ என்னும் பெயரில் அத்தகைய சேவையைத் தொடங்கியது. இதற்குள் மக்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. 2003-இல் ஸ்கைப் வந்திருந்தது. 2025 மே மாதத்தில் அது மூடப்பட்டும் விட்டது. 2015-இல் வாட்ஸ்ஆப்பிலும் குரல் ஏறியது.

இவையெல்லாம் உலகுக்கு வந்தபோதும் நமக்கு முழுமையாக வரவில்லை. தீவுகள் அனைத்துக்கும் செயற்கைக்கோளில் கிடைத்த சிறு பங்கை, அலுவலகமும் மருத்துவமனையும் வங்கியும் வீடும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. பஞ்ச காலத்துப் பங்கீட்டுக் கடை போல இணையம் இருந்தது என்றால் மிகையாகாது.

2018 டிசம்பர் 30 அன்று கடலடிக் கம்பிக்கு இந்நகரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2020 ஆகஸ்டு 10 அன்று அக்கம்பி இயங்கத் தொடங்கியது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் (2024 முதல் இந்நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம்), இங்கிருந்து ஸ்வராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், சிற்றந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் ஆகியவற்றுக்கும் அது செல்கின்றது. மொத்த நீளம் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். செலவு 1,200 கோடி ரூபாய்க்கு மேல். பொறுப்பேற்றது பி.எஸ்.என்.எல். நிறுவனம், கம்பியை அமைத்துக் கொடுத்தது ஜப்பானைச் சேர்ந்த என்.இ.சி. நிறுவனம். ஒரு காலத்தில் நம் தொடர்பு அற்றுக் கிடந்தது ஜப்பானியர் ஆட்சியில். அதே நாட்டினரின் கைத்திறனே இன்று தொடர்பைப் பிணைத்திருக்கின்றது. வரலாறு இவ்வாறும் கணக்கைத் தீர்த்துக்கொள்கின்றது போலும்.

கண்ணாடி இழையினுள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே சென்னைக்கும் நமக்கும் இடைப்பட்ட கடலைக் கடக்க அதற்கு ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டா. அந்த அரை நொடி ஒழிந்தது! விலை குறைந்ததையே பலரும் பெரிதாகப் பேசுவர். நாம் பெரிதாகக் கருதுவது இந்த அரை நொடி ஒழிந்ததையே. இப்போது நம் வீட்டுக் குழந்தை ஊரிலிருக்கும் பாட்டியை இடைமறித்துக் கேள்வி கேட்கின்றது. பாட்டி கதையை நிறுத்தி, "பொறுடா" என்று கடிந்து, மேலே சொல்கின்றார். இந்தியும் வங்கமும் தெலுங்கும் ஒலிக்கும் இத்தீவில் பிறந்து வளரும் குழந்தைக்கு அப்பாட்டியின் சொற்கள் வேறு எங்கே கிடைக்கும்? பாடநூலில் "கொழுந்து" உண்டு. "வெள்ளெனக் கிளம்பு", "சடவாக இருக்கிறதா" என்பன இல்லை. இச்சொற்கள் கணக்குப் பார்க்காத பேச்சில்தான் வரும்.

இவ்வளவையும் மகிழ்ந்து சொன்னோம். இனி அச்சத்தையும் சொல்வது கடமை.

பழைய தொலைபேசிக்கு மின்சாரம் நிலையத்திலிருந்தே கம்பி வழியே வந்தது. வீடு இருண்டாலும் மணி அடித்தது. இணையப் பேச்சுக்கு நம் வீட்டிலேயே மின்சாரம் வேண்டும். புயல் நாளில் மின்சாரம் நின்றால் கருவியும் நின்றுபோகும். 112 என்னும் அவசர எண்ணை வாட்ஸ்ஆப்பிலிருந்து அழைக்க இயலாது. அதற்குச் சாதாரண அழைப்பே வேண்டும். காவல் அதிகாரி போல் வேடமிட்டு இணைய வழியே அழைத்து, "டிஜிட்டல் கைது" என்று மிரட்டிப் பணம் பறிப்போரும் பெருகியுள்ளனர். அத்தகைய கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. ஏமாந்தோர் தாமதியாது 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இவற்றினும் பெரிது, நம் பேச்சனைத்தும் ஒரே கம்பியில் தொங்குவது. பசிபிக் கடலில் டோங்கா என்றொரு தீவு நாடு உண்டு. 2022 ஜனவரி 15 அன்று அங்கே கடலடி எரிமலை வெடித்தது; வெளியுலகோடு அந்நாட்டை இணைத்த ஒற்றைக் கம்பி அறுந்தது. தலைநகருக்கு மீண்டும் கம்பித் தொடர்பு வர ஐந்து வாரங்களுக்கு மேலாயிற்று. வெளித் தீவுகளோ ஓராண்டுக்கும் மேற் காத்திருந்தன. நாம் வாழ்வதும் நிலம் நடுங்கும் கோட்டின் மேல்தான்.

2004 டிசம்பர் 26 காலை நம்மில் எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. தொலைபேசிகள் ஊமையான அந்நாளில், பாரதி பிரசாத் என்னும் அம்மையார் தம் குழுவினருடன் ஹாம் வானொலிக் கருவியோடு இந்நகரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார். அச்சிறு கருவியைக் கொண்டே தீவின் செய்திகளைத் தாய்நாட்டுக்கும், அங்கிருந்து கலங்கிக் கேட்டோரின் செய்திகளை இங்கும் சேர்த்தார். செயற்கைக்கோளும் இல்லை, கம்பியும் இல்லை. ஒரு மின்கலமும் ஓர் அலைக்கம்பமும் உதவின.

கச்சால் தீவை எண்ணிப் பாருங்கள். 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் 1970-களில் அங்கே ரப்பர்த் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டன. ஆழிப்பேரலை மிகக் கொடுமையாகத் தாக்கிய தீவுகளுள் அதுவும் ஒன்று. 2020-இல் கம்பி கரையேறிய இடங்களின் பட்டியலில் கமோர்ட்டா உண்டு; அதன் அண்டையிலிருக்கும் கச்சால் இல்லை. நாம் இங்கே பாட்டியோடு தங்குதடையின்றிப் பேசி மகிழும்போது, நம்மினும் தொலைவில் வாழும் அம்மக்களை மறக்கலாகாது.

ஆதலின் செயற்குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். சங்கக் கட்டடத்தில் பழைய முறைத் தொலைபேசி ஒன்றையும், மின்சாரம் நின்றாலும் இயங்கும் மின்கலத்தையும் நிலையாக வைத்திருக்க வேண்டும். உறுப்பினர் குடும்பங்களின் தாய்நாட்டு உறவினர் எண்களைத் தாளில் அச்சிட்டு ஒரு கோப்பில் பேண வேண்டும். கைப்பேசி அணைந்தால் எண்ணும் அதனோடு அணைந்துவிடுகின்றதல்லவா? ஹாம் உரிமத் தேர்வு எழுத விரும்பும் நம் இளைஞர் இருவருக்கேனும் கட்டணமும் பயிற்சியும் சங்கமே ஏற்க வேண்டும். கச்சாலுக்குக் கம்பித் தொடர்பு வேண்டித் தொலைத்தொடர்புத் துறைக்கு விடுக்க ஒரு விண்ணப்பமும் எழுதி வைத்துள்ளோம். கூட்டம் முடிந்ததும் வாயிலருகே மேசையில் இருக்கும். கையெழுத்திட விரும்புவோர் இட்டுச் செல்லலாம்.